கொல்லைப்புறத் தோட்டமும் கான்ட்ராக்டரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், மேடவாக்கம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் 30-க்கு 40 இடம் சும்மா கிடக்கிறது. வீடு கட்டும்போது மிஞ்சிய செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் அங்கேதான் தள்ளி மேலே மண் போட்டு மூடினார்கள். மழைக்காலத்தில் ஒரு ஓரமாகத் தண்ணீர் நிற்கும். லேண்ட்ஸ்கேப்பிங் செய்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் போட்ட கலர் படம் அனுப்பினார். புல்வெளி, நடைபாதை, மூலையில் சின்னக் குளம், சுவரோரம் பாம் மரங்கள் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மொத்தம் நாலரை லட்சம், பாதி அட்வான்ஸ் என்கிறார். கொட்டேஷனில் "செம்மண் நிரப்புதல் – மொத்தமாக", "செடிகள் – தேவைக்கேற்ப" என்று போட்டிருக்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நாலரை லட்சம் அதிகமா நியாயமா என்று அந்தக் கொட்டேஷனை வைத்து யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதில் எவ்வளவு மண், எத்தனை செடி, என்ன உயரம் என்று எதுவுமே இல்லை. "தேவைக்கேற்ப" என்றால் யாருடைய தேவை? வேலை பாதியில் நிற்கும்போது அது அவருடைய தேவையாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் படத்தைப் பற்றியது இல்லை. புதைந்து கிடக்கும் ரப்பீஸும் (அந்தச் செங்கல், சிமென்ட் கழிவு) ஓரமாக நிற்கும் தண்ணீரும்தான். இந்த இரண்டுக்கும் கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை. சிமென்ட் கட்டியும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரம் ஏறியிருக்கும், அதில் இட்லிப்பூ, செம்பருத்தி போன்ற செடிகளின் இலை வெளிறி மஞ்சளாகும், நீங்கள் உரத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். எனவே முதலில் நாலைந்து இடத்தில் கடப்பாரையால் இரண்டடி ஆழம் குத்திப் பாருங்கள். எங்கெல்லாம் டணார் என்று சத்தம் வருகிறதோ அங்கெல்லாம் தோண்டி அள்ளித்தான் ஆக வேண்டும். அதை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோவது யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். மேலே ஆறு அங்குலம் செம்மண்ணைப் பரப்பி அப்படியே மூடிவிடுவதுதான் எல்லோருக்கும் சுலபம், உங்களைத் தவிர. அப்புறம், ஜேசிபி உள்ளே வருவதாக இருந்தால் செப்டிக் டேங்க், சம்ப், கழிவுநீர்க் குழாய் எங்கே இருக்கின்றன என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். வண்டி ஏறிச் செப்டிக் டேங்க் மூடி உடைந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் வேலைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அடுத்தது வாட்டம். பின்பக்கத் தரை வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும், பத்தடிக்கு இரண்டு அங்குலம் இருந்தால் நல்லது. இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, தண்ணீர் நிரப்பிய லெவல் ட்யூப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, மண்ணை நிரப்பி நிரப்பி வீட்டு பேஸ்மென்ட் மட்டத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். கொல்லை மண் வீட்டுத் தரைமட்டத்துக்குக் குறைந்தது அரை அடியாவது கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் சுவரில் ஓதம் ஏறி உள்ளே பெயின்ட் உரியும். தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு உறிஞ்சு குழி கட்டாயம் வேண்டும். 2003-லேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அதனால் உங்கள் வீட்டிலும் பெயருக்கு ஒரு குழி இருக்கும், அது இன்னும் தண்ணீர் குடிக்கிறதா என்று முதலில் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். அது எங்கே போகப்போகிறது என்று உங்கள் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மண்ணுக்கு வருவோம். நம் ஊரில் செம்மண்ணும் மணலும் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. 800 சதுர அடிக்குப் புல் போடுவதாக வைத்துக்கொண்டு அரை அடி நிரப்பினால் 400 கன அடி, அதாவது 4 யூனிட், தண்ணீர் விட்டதும் மண் அமுங்கும் என்பதால் 5 யூனிட் என்று எழுதலாம். "நாலு லோடு" என்று எழுத விடாதீர்கள், லோடு என்பது லாரிக்கு லாரி மாறும். லாரி வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் உள்ளளவு பாருங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரத்துக்கு மண் இருந்தால் 252 கன அடி, இரண்டரை யூனிட். கூச்சமே வேண்டாம், ஒருமுறை அளந்து பார்த்தால் அடுத்த லாரி தானாகவே நிறைந்து வரும்.

இனி கோரை. கலர் படத்தில் எந்தக் காலத்திலும் வராத செடி இது. செம்மண்ணோடும் மக்காத தொழுஉரத்தோடும் கோரைக் கிழங்கு வந்து இறங்கும், புல் விரித்த மறு மாதமே ஊசி ஊசியாகக் கிளம்பும், மேலே பிடித்துப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்று திரும்ப முளைக்கும். இதற்கு உருப்படியான வழி பொறுமைதான். மண்ணைப் பரப்பி மட்டம் பார்த்ததும் உடனே புல் விரிக்காமல் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மட்டும் விடச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் முளைத்து வெளியே வரும், கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, முடிந்தால் இன்னொருமுறையும் அப்படியே செய்துவிட்டுப் புல் போடலாம். எந்தக் கான்ட்ராக்டருக்கும் இது பிடிக்காது, ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப அழைக்க வேண்டும். அதற்காகவே இதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

புல் என்ன புல் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் கொரியன் புல் என்பார்கள். அடர்த்தியாக, மெத்தென்று வரும், ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும், நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது. உங்கள் கொல்லை வீட்டுக்கு வடக்கே இருந்தால், ஐப்பசியிலிருந்து தை வரை சூரியன் தெற்கே சாய்ந்துபோக, வீட்டு நிழல் அங்கேதான் விழும். அந்தப் பகுதியில் கொரியன் புல் மெலிந்து, மண் தெரிய ஆரம்பிக்கும். நிழலுக்கு எருமைப்புல் தாங்கும், இலை அகலமாக இருக்கும் என்பதால் சிலருக்குப் பிடிக்காது. தண்ணீரையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 800 சதுர அடிப் புல்லுக்குக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் கொடுப்பதாக வைத்தாலே சுமார் 370 லிட்டர். மே மாதம் டேங்கர் தண்ணீர் வாங்குகிற தெருவில் இருந்துகொண்டு இது தேவையா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். என்னைக் கேட்டால் புல்லை 300 சதுர அடியோடு நிறுத்திவிட்டு, மீதியில் எலுமிச்சை, கறிவேப்பிலை, பவழமல்லி, இரண்டு வாழை வைப்பேன். சமையலறைத் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் கல்வாழை.

குளத்தை விட்டுவிடுங்கள். அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும், பத்து நாளுக்குள் பறக்க ஆரம்பித்துவிடும். கப்பி மீன் விட்டு, மோட்டாரை ஓட்டி, பாசி சுரண்டிப் பராமரிக்க ஆள் இருந்தால் சரி. இல்லையென்றால் ஆறாவது மாதம் அதில் மண் கொட்டி மூடி மேலே குரோட்டன்ஸ் வைப்பீர்கள். நான் பார்த்த கொல்லைக் குளங்களில் பாதி அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

பணம் பேசுவோம். பாதி அட்வான்ஸ் வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு கொடுங்கள், அதுவே தாராளம். ரப்பீஸ் வெளியேறி வாட்டம் சரியானதும் ஒரு தவணை, குழாய் பதித்து மண் கொட்டியதும் ஒன்று, புல்லும் செடியும் வைத்ததும் ஒன்று. கடைசிப் பத்து சதவீதத்தை, புல் வேர் பிடித்து ஒருமுறை வெட்டி முடித்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். குழாயை மண் போட்டு மூடுவதற்கு முன்னால் டேப்பை வைத்து போட்டோ எடுத்துவையுங்கள், நாளைக்கு எங்கே தோண்டலாம் என்று அதுதான் சொல்லும். செடிகளுக்குப் பெயர், எண்ணிக்கை, உயரம், பை அளவு நான்கும் கொட்டேஷனில் வர வேண்டும். ஒரு அடி செடியும் நாலடி செடியும் நர்சரியில் ஒரே விலை இல்லை. ஜிஎஸ்டி அந்தத் தொகைக்குள்ளேயா, அதற்கு மேலேயா என்பதையும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அவர் ஒரு வருடத்துக்கு முன்னால் முடித்த தோட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். போன மாதம் முடித்ததைக் காட்டுவார், அது எல்லோருடையதும் நன்றாகத்தான் இருக்கும்.

எப்போது ஆரம்பிப்பது? ஆடி, ஆவணியில் தரை வேலையை முடித்தால் ஐப்பசி மழைக்குள் புல் வேர் ஊன்றிவிடும். அதைத் தவறவிட்டால் தை மாதம் பாருங்கள். கார்த்திகை அடைமழையில் புதிதாகக் கொட்டிய செம்மண் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், கத்திரியில் வைத்தால் பாதி கருகும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுவதும் பேவர் பிளாக் போட நினைக்கிறோம். கார் பின்னால் வரைக்கும் வரும். ஒருவர் 60 எம்எம் கல் போதும் என்கிறார், இன்னொருவர் 80 எம்எம் போடாவிட்டால் அமுங்கிவிடும் என்கிறார். எங்களுடையது கரிசல் மண்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வீட்டுக் கார் மட்டும்தான் வரும் என்றால் 60 எம்எம் தாங்கும். தண்ணீர் லாரி உள்ளே வருமானால் 80. ஆனால் இரண்டு பேருமே உங்களிடம் கல்லின் கனத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேவர் அமுங்குவது கல் மெலிசாக இருப்பதால் அபூர்வம், அடியில் ஒன்றும் இல்லாததால்தான் அதிகம்.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் நேராக மணலைக் கொட்டிக் கல்லை அடுக்கினால், 80 என்ன, 100 எம்எம் போட்டாலும் இரண்டாவது மழைக்காலத்தில் தரை அலை அலையாக ஆகிவிடும். கார் போகும் பாதையில் ஒரு அடி, ஒன்றரை அடி கரிசலை எடுத்துவிட்டு கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டு ரோலரோ அதிர்வு இயந்திரமோ வைத்து அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். அதன் மேல் ஜல்லி அடுக்கு, அதற்கு மேல் ஒன்று ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட், அப்புறம்தான் கல். ஓரம் முழுக்க கான்கிரீட் கர்ப் (விளிம்புக் கட்டை) வேண்டும், அது இல்லாவிட்டால் கல் மெல்ல மெல்ல வெளியே நகரும். இந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்று கொட்டேஷனில் கேளுங்கள். "பேவர் பிளாக் – சதுர அடி இவ்வளவு" என்று ஒரே வரியில் வந்தால் அடியில் மணல் மட்டும்தான் என்று அர்த்தம்.

பின்பக்கம் முழுவதையும் மூடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கார் போகிற, துணி காயப்போடுகிற இடம் போக மீதியை மண்ணாக விடுங்கள். மழைத் தண்ணீர் இறங்கவும் இடம் வேண்டும், ஏப்ரல் மத்தியானத்தில் அந்தக் கல் வீட்டுச் சுவருக்கு அனுப்புகிற சூடும் லேசுப்பட்டது இல்லை. செயற்கைப் புல் போடச் சொன்னாலும் இதே பதில்தான், அதில் வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

கேள்வி: கொல்லையில் அப்பா வைத்த மாமரம் இருக்கிறது. கான்ட்ராக்டர் அதை வெட்டிவிடலாம் என்கிறார். வேண்டாம் என்றால், மட்டத்துக்காக மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி மண் நிரப்ப வேண்டுமாம். மரத்துக்கு ஒன்றும் ஆகாதா?
– வாசகி, திருச்சி

பதில்: ஆகும். உடனே தெரியாது, அதுதான் சிக்கல். உணவும் தண்ணீரும் எடுக்கிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டியும் ஓடும். அவற்றின் மேல் ஒன்றரை அடி மண்ணை ஏற்றினால் காற்று போகாமல் மூச்சுத் திணறும். அடிமரப் பட்டை ஈர மண்ணில் புதைந்து அழுக ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வருடத்தில் உச்சிக் கிளைகள் காயும், அப்போது அந்தக் கான்ட்ராக்டரின் போன் நம்பர்கூட உங்களிடம் இருக்காது.

மரத்தின் மட்டத்தை வைத்துத் தோட்டத்தை அமைக்கச் சொல்லுங்கள். மற்ற இடம் உயர்ந்தே தீர வேண்டும் என்றால் கிளை நிழல் விழும் அளவுக்கு வட்டமாகப் பழைய மட்டத்திலேயே விட்டு, சுற்றி ஒரு தாழ்ந்த கருங்கல் சுவர், உள்ளே விழும் மழைநீர் வெளியேற ஒரு குழாய். இதைச் செய்யத் தெரிந்த ஆள்தான் தோட்ட வேலை தெரிந்த ஆள். காய்க்கிற மாமரத்தை வெட்டச் சொல்லி ஆரம்பிக்கிறவரிடம் வேறு எதையும் ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: காம்பவுண்டு சுவரோரம் உயிர்வேலிக்கு கோனோகார்பஸ் வைக்கச் சொல்கிறார். ஆறே மாதத்தில் சுவர் மறையுமாம்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மறையும். பிறகு வேர் கழிவுநீர்க் குழாயைத் தேடிப் போகும். குஜராத் அரசு 2023-ல் இதை நடுவதற்கே தடை போட்டது. வேகமாக வளரும், விலை குறைவு என்பதால் கான்ட்ராக்டர்களுக்கு இது செல்லப்பிள்ளை. உங்களுக்கு மருதாணி, நந்தியாவட்டை, ஆடாதொடை, இட்லிப்பூ என்று எத்தனையோ இருக்கின்றன. ஒரு வருடம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். செடிகளை மட்டும் நீங்களே வாங்கிக் கொடுக்க அவர் சம்மதித்தால் அருகில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறதா என்று பாருங்கள், விலை வெளி நர்சரியைவிடக் குறைவாக இருக்கும். அந்தப் பக்கம் முருங்கை வைக்க ஆசைப்பட்டால் சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். காற்றுக்கு முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி இறங்கி வரும்.

கேள்வி: மூன்று லட்சத்துக்குப் பேசி இரண்டு லட்சம் கொடுத்துவிட்டோம். மண் கொட்டியதோடு ஆள் வரவில்லை, போன் எடுப்பதில்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான். என்ன செய்யலாம்?
– வாசகர், சேலம்

பதில்: வாட்ஸ்அப் பேச்சு, அவர் அனுப்பிய கொட்டேஷன் படம், பணம் போன வங்கிக் கணக்கு விவரம் இவையெல்லாமே சாட்சிதான், எதையும் அழித்துவிடாதீர்கள். இன்றைக்கே இப்போதைய நிலையைத் தேதியோடு போட்டோவும் வீடியோவும் எடுங்கள். முடிந்த வேலையின் மதிப்பை வேறொரு கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்குங்கள். அதை வைத்து, 15 நாளில் வேலையை முடிக்க வேண்டும் அல்லது மீதியைத் திருப்ப வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், அதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

அவர் திரும்பி வந்து "இன்னும் ஐம்பதாயிரம் கொடுங்கள், நாளைக்கே ஆள் இறக்குகிறேன்" என்பார். கொடுக்காதீர்கள். வேண்டுமானால் பொருளை நீங்களே வாங்கிப் போடுங்கள், ஆள் கூலியை அன்றன்று கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: போர் தண்ணீர் உப்பு. டைமர் வைத்த சொட்டுநீர் போட்டால் ஆளே வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். சரிதானா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: சொட்டுநீர் சரி, "ஆளே வேண்டாம்" சரியில்லை. உப்புத் தண்ணீரில் சொட்டுவான் (தண்ணீர் சொட்டுகிற சின்ன முனை) வாயில் வெள்ளையாகப் படிந்து ஒவ்வொன்றாக அடைக்கும். டைமர் பாட்டுக்கு நேரத்துக்கு ஓடும், செடி ஒரு பக்கம் காயும். எனவே முதலில் தண்ணீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள், செலவு சொற்பம். அந்த அறிக்கையைப் பார்த்துச் செடிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தென்னை, சப்போட்டா, வேம்பு, பூவரசு, அரளி, காகிதப்பூ எல்லாம் ஓரளவு உப்பு தாங்கும். ரோஜாவும் எலுமிச்சையும் அந்தத் தண்ணீரில் வேண்டாம், ஆசைக்கு ஒன்றிரண்டை மழைநீர்த் தொட்டித் தண்ணீர் விட்டுப் பூந்தொட்டியில் வளர்க்கலாம்.

கொட்டேஷனில் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள், செலவைக் குறைக்க முதலில் கழற்றுவது அதைத்தான். ஒவ்வொரு பக்கக் குழாயின் கடைசியிலும் திறந்து விடுகிற மூடி வேண்டும், மாதம் இரண்டு தடவை திறந்து கழுவிவிட. கழற்றி சுத்தம் செய்யக்கூடிய சொட்டுவானாகவே கேளுங்கள். பத்து இருபது உபரியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அவரையே உட்காரவைத்து, ஃபில்டரைக் கழற்றி மாட்ட உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள்.